மருந்தோ தடுப்பூசியோ ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்கே சொல்வது? தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பெரியம்மாவுக்கு யூரிக் ஆசிட் மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரத்தில் முதுகிலும் கைகளிலும் சிவப்புத் தடிப்பு கிளம்பியது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஒருவர் உடம்புச் சூடு என்பார், இன்னொருவர் கருவாடு சாப்பிட்டதால் என்பார், மாத்திரை குப்பைக்குப் போகும். நாங்கள் மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை யாரிடம் பதிவு செய்வது என்று கவுண்டர் கவுண்டராகக் கேட்டோம். மாத்திரை எழுதிக் கொடுத்த கிளினிக்கில், "அலர்ஜி, நிறுத்திவிடுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். யாரும் ஒரு வரி எழுதவில்லை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் மருந்தாளர்தான் உட்காரவைத்துக் கேட்டு, அறிக்கை எழுதி, அலர்ஜி அட்டையும் கொடுத்தார். அந்த வழி முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் தேவையே இல்லை. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தினால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தாலே பதிவு செய்யலாம். மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை; நோயாளியோ அவர் குடும்பத்தாரோ நேரடியாகச் செய்யலாம். பதிவு செய்ய ஒரு சென்கூடக் கட்டணம் கிடையாது.

இந்தத் தகவல்களைப் பெறுவது சுகாதார அமைச்சின் கீழ் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். மலாயில் பஹாகியான் ரெகுலாத்தோரி ஃபார்மாசி நெகாரா; எல்லாரும் என்.பி.ஆர்.ஏ. என்றே சொல்கிறார்கள். நாட்டில் எந்த மருந்து விற்கலாம் என்று பதிவு வேலைகளைப் பார்ப்பதும் இதே இடம்தான். அதனால் உங்கள் தகவல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போகிறது.

1. முதலில் ஆளைப் பாருங்கள், படிவம் பிறகு

கீழே சொல்லும் அறிகுறிகளில் எது தெரிந்தாலும் காகிதத்தைத் தேடாதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது கையில் இருக்கும் வண்டியில் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

உதடு, நாக்கு, கண் இமை, முகம் வீங்குவது. மூச்சு வாங்குவது, தொண்டை அடைப்பது, தலைசுற்றி விழுவது. தடிப்போடு காய்ச்சல் வருவது. தோலில் கொப்புளம் எழும்புவது, தோல் உரிவது. வாய்க்குள் புண், கண் சிவந்து எரிச்சல், சிறுநீர் கழிக்கும் இடத்தில் புண். கண்ணும் தோலும் மஞ்சளாவது. வலி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி.

இவற்றில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான தோல் பாதிப்பு இப்படித்தான் தொடங்கும். யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கும் அலோபியூரினால், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமாசெபின், கோட்ரைமோக்சசோல் என்ற கிருமிக்கொல்லி ஆகியவை இதற்குப் பேர்போனவை. வேப்பிலை அரைத்துப் பூசிப் பார்ப்போம், விடிந்ததும் டிரெசரிடம் (தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம்) காட்டுவோம் என்று தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

தோட்டத்து டிரெசரைக் குறைத்துச் சொல்லவில்லை. முதலுதவிக்கு அவர் பெரிய துணை. ஆனால் இந்த அறிகுறிகளுக்கு மருத்துவமனைதான் இடம். அவரிடமே வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது வீட்டில் இருக்கும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோங்கள். வைட்டமின், நாட்டு மருந்து, தைலம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை உட்பட.

2. எதை உடனே நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது

மேலே சொன்ன ஆபத்தான அறிகுறி இருந்தால், சந்தேகப்படும் மருந்தின் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி வறட்டு இருமல், கால் வீக்கம், வயிற்றுப் பிரட்டல், தசை வலி போன்றவற்றுக்காக நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கான அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், வலிப்பு மாத்திரை, பலகாலம் சாப்பிட்டு வந்த ஸ்டீராய்டு ஆகியவற்றைத் திடீரென்று விட்டால், அந்த நிறுத்தமே பெரிய ஆபத்தாகிவிடும்.

அம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்கும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகளில் வறட்டு இருமல் வரும். மெட்ஃபோர்மின் வயிற்றைக் கலக்கும். இவை எல்லாம் தெரிந்த விளைவுகளே. மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் மாற்று மருந்தோ வேறு அளவோ கிடைக்கும். சொல்லாமல் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, கிளினிக்கில் "தவறாமல் சாப்பிடுகிறேன்" என்று சொல்வதுதான் நம் பெரியவர்கள் பலரும் செய்வது. அப்புறம் ரத்த அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் இன்னொரு மாத்திரையையும் சேர்த்து எழுதுவார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கோபப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. மாத்திரை அட்டையை வீசாதீர்கள்

பக்க விளைவைப் பதிவு செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். மருந்தின் பெயர் தெரியாது. "வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு போட்டது" என்று சொன்னால் யாராலும் எதையும் செய்ய முடியாது.

தேவைப்படும் விவரங்கள் இவை: மருந்தின் முழுப்பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், தயாரித்த நிறுவனம், எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண், பேட்ச் எண் (ஒரே தொகுதியாகத் தயாரித்த மருந்துக்குக் கொடுக்கும் எண்), காலாவதித் தேதி.

எம்.ஏ.எல். எண் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். எம்.ஏ.எல். எழுத்துகளுக்குப் பின் எண்களும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ஏ என்றால் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எக்ஸ் என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லாதது. டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. என் (N) என்றால் சத்து மருந்து. அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையப்பக்கத்தின் பொருள் தேடலில் போட்டால், அது உண்மையிலேயே பதிவான மருந்தா, பெட்டியில் இருக்கும் பெயரும் அங்கே இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்த்துவிடலாம்.

பேட்ச் எண்தான் கண்ணாமூச்சி ஆடும். மாத்திரை அட்டையின் ஓரத்தில் மை இல்லாமல் அழுத்திப் பொறித்திருப்பார்கள். அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். அந்த ஓரத்தையே கத்தரித்து, மீதியை மட்டும் பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டுக் கொடுக்கும் கிளினிக்குகள் உண்டு. எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த பேனா மையும் வியர்வைக் கையில் பாதி அழிந்திருந்தது.

அதனால் இனிமேல் மருந்து வாங்கும்போதே இதைச் செய்யுங்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பொட்டலத்தைப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, நோயாளி பெயர், தேதி தெளிவாக இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தையும் அட்டையின் இரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, அம்மா மருந்து, அப்பா மருந்து என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் பழைய பிஸ்கட் டின்னில் கொட்டிவைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பேட்ச் எண் கிடைக்கவே இல்லை என்றாலும் பதிவைக் கைவிட வேண்டாம். குறைந்தபட்சம் நான்கு விஷயங்கள் இருந்தால் அறிக்கை செல்லும்: பாதிக்கப்பட்டவர் யார், சொல்பவர் யார், சந்தேகப்படும் மருந்து எது, என்ன ஆனது.

4. தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

மருந்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பவர்கள் முதலில் கேட்பது தேதிதான். பள்ளி நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, கோடு போட்டு எழுதினால் போதும். மருந்தை எந்த நாள் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, முதல் அறிகுறி எந்த நாள், எந்த இடத்தில் தொடங்கி எங்கே பரவியது, எந்த நாள் நிறுத்தினார், நிறுத்திய பின் குறைந்ததா, மறுபடி சாப்பிட்டபோது மறுபடி வந்ததா. சரியான தேதி நினைவில்லை என்றால் தைப்பூசத்துக்கு முந்திய வாரம், சம்பள நாளுக்கு மறுநாள் என்று யோசித்து நாள்காட்டியில் பாருங்கள்.

இடைவெளி நீண்டிருப்பதால் மருந்தாக இருக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கடும் அலர்ஜி சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். சாதாரணத் தோல் தடிப்பு பெரும்பாலும் நான்காம் நாளிலிருந்து இரண்டாம் வாரத்துக்குள். அலோபியூரினாலின் மோசமான தோல் பாதிப்பு முதல் இரண்டு மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ரத்த அழுத்த மாத்திரையின் வறட்டு இருமல் சில மாதங்கள் கழித்தும் தொடங்கும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினால் வரும் தசை வலியும் அப்படித்தான். மரம் வெட்டியதால், குலை சுமந்ததால் வலி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே அதிகம். உடல் முழுக்கத் தசை வலியோடு சிறுநீர் கோப்பித் தண்ணீர் போல் கறுத்துப் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தடிப்பைத் தினமும் ஒரே இடத்தில், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது மறைந்திருக்கும். படம் இல்லையென்றால் சொல் மட்டும்தான் மிஞ்சும்.

5. யார் வழியாகப் பதிவு செய்வது

மூன்று வழிகள் இருக்கின்றன. என் கருத்தில் முதல் வழியே மேலானது.

அரசு மருத்துவமனை அல்லது கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதாரக் கிளினிக்கின் மருந்தாளர். மருந்து வாங்கும் கவுண்டரில் நின்று "சாயா நாக் லாப்போர் கெசான் சம்பிங்கான் உபாட்" என்று சொல்லுங்கள். மருந்தின் பக்க விளைவைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பொருள். எண்ணைக் கூப்பிட்டு மருந்து கொடுக்கும் ஊழியர் புரியாமல் பார்த்தால் "பெகாவாய் ஃபார்மசி" வேண்டும் என்று கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் மருந்துத் தகவல் பிரிவு என்றே தனியாக உண்டு. அங்கே இது தினசரி வேலை. மருந்தாளரோ மருத்துவரோ எழுதும் அறிக்கையில் ரத்தப் பரிசோதனை முடிவும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அதற்குப் பலம் அதிகம். அலர்ஜி அட்டையும் இந்த வழியில்தான் கிடைக்கும். காலை நேரத்தில் மருந்துக் கவுண்டரில் கூட்டம் நெரியும். மதிய உணவு நேரம் முடிந்த பிறகு போனால் நிதானமாகப் பேச முடியும்.

தனியார் கிளினிக் மருத்துவரும் மருந்துக்கடை மருந்தாளரும் இதே அறிக்கையை அனுப்பலாம். சிலர் தயங்குவார்கள். தங்கள் மீது பழி வருமோ என்ற பயம் அதற்கு ஒரு காரணம். "உங்கள் மேல் புகார் இல்லை, டாக்டர், மருந்தைப் பற்றிய தகவல்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அடுத்த வழி இருக்கிறது.

நீங்களே நேரடியாக. பொதுமக்களுக்கென்று கொன்செர்ஃப் என்ற படிவம் உண்டு. என்.பி.ஆர்.ஏ. இணையப்பக்கத்தில் பயனீட்டாளர் பகுதியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இணையத்திலேயே நிரப்பலாம், அச்செடுத்தும் அனுப்பலாம். அதே பக்கத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கான படிவமும் இருக்கும். அதைத் திறந்துவிட்டு, கேட்பது எதுவும் புரியவில்லையே என்று மூடிவிடாதீர்கள்.

மூன்று வழிகளிலும் போக வேண்டும் என்றில்லை. ஒரே சம்பவத்துக்கு ஓர் அறிக்கை போதும். மருந்தாளர் எழுதிவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டாம். "பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னார் என்றால், அறிக்கை போய்விட்டதா என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்.

6. படிவத்தில் என்ன எழுதுவது

தமிழில் படிவம் இல்லை. வீட்டில் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தேவைப்படும் மலாய்ச் சொற்கள் இவை: தடிப்புக்கு ருவாம், அரிப்புக்கு காத்தால், வீக்கத்துக்கு பெங்காக், மூச்சுத் திணறலுக்கு செசாக் நாஃபாஸ், தலைசுற்றலுக்கு பெனிங், வாந்திக்கு முந்தா, வயிற்றுப்போக்குக்கு சிரிட்-பிரிட், காய்ச்சலுக்கு டெமாம். தாரிக் முலா என்பது தொடங்கிய தேதி, தாரிக் ஹெந்தி நிறுத்திய தேதி.

பாதிக்கப்பட்டவரின் வயது, பால், இனம், எடை ஆகியவற்றைக் கேட்பார்கள். இனத்தைக் கேட்கிறார்களே என்று சங்கடப்பட வேண்டாம். கார்பமாசெபின், அலோபியூரினால் போன்ற மருந்துகளின் கடும் தோல் பாதிப்பு, பரம்பரையாக வரும் சில மரபணுக் கூறுகளோடு தொடர்புடையது. அதனால் அந்த விவரத்துக்கு மருத்துவப் பயன் உண்டு. பெயர் உள்ளிட்ட விவரங்கள் இரகசியமாகவே வைக்கப்படும்.

நடந்ததை எழுதும் இடத்தில் நோயின் பெயரைச் சொல்ல முயலாதீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். "மோசமான அலர்ஜி" என்று எழுதினால் அது எவ்வளவு மோசம் என்று படிப்பவருக்குத் தெரியாது. "மாத்திரை தொடங்கி 19-ஆம் நாள் முதுகில் சிவப்புப் புள்ளிகள், மறுநாள் இரு கைகளிலும், அரிப்பு, 38.5 டிகிரி காய்ச்சல், வாயில் புண் இல்லை" என்று எழுதினால் அதுவே பாதிப் பரிசோதனை. இல்லாததை இல்லை என்று எழுதுவதும் உதவும்.

மருத்துவமனையில் சேர்த்தார்களா, உயிருக்கு ஆபத்து ஏற்பட்டதா, நிரந்தர ஊனமா, பிறந்த குழந்தைக்குக் குறைபாடா என்ற கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி குறியுங்கள். கவனம் கிடைக்கட்டும் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். மருந்து கொடுத்தவர் மனம் நோகுமே என்று குறைத்தும் சொல்லாதீர்கள்.

கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகளின் பட்டியல் வரும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, மூட்டு வலிக்கு வாங்கிய பொடி, ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேகியம், கர்ப்பத்தடை மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். சில நேரம் குற்றவாளி அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கும். முன்பு வேறு மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தால் அதையும் சேருங்கள்.

அனுப்புவதற்கு முன் முழுப் படிவத்தையும் படம் எடுத்துவிடுங்கள். இணையத்தில் நிரப்பினால், அனுப்பிய பின் திரையில் வருவதையும் படம் எடுங்கள். தோட்டத்தில் இணையம் பாதியில் அறுந்துபோவது புதிதல்ல. முதலில் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, டவுனுக்கு வந்து நல்ல இணைப்பில் அனுப்புங்கள்.

7. தடுப்பூசி என்றால்

தடுப்பூசிக்குப் பிறகு ஊசி போட்ட இடத்தில் வலி, சிறு வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல் இவை எதிர்பார்ப்பவைதான். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி, சில வாரம் கழித்துச் சிறிய கட்டியாகிச் சீழ் கட்டித் தழும்பாவது வழக்கம்; அதை அழுத்திப் பிதுக்கவோ மருந்து பூசவோ கூடாது. அக்குளில் கட்டி வந்தால் மட்டும் கிளினிக்கில் காட்டுங்கள். 9, 12 மாதங்களில் போடும் தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சலும் தடிப்பும் ஒரு வாரம் கழித்தும் வரலாம்.

பதிவு செய்ய வேண்டியவை வேறு. வலிப்பு, மூச்சுத் திணறல், மூன்று மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தாமல் வீறிட்டு அழுவது, குழந்தை துவண்டு வெளிறிப்போவது, முழங்கையைத் தாண்டிப் பரவும் வீக்கம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய எதுவும். ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடாமல் கிளினிக்கிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். கடும் அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும். மருந்தும் ஆளும் அங்கேயே இருப்பார்கள்.

குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் எழுதப்படும் பக்கம் இருக்கிறது. தாதி எழுதியதும் பேட்ச் எண் கட்டம் காலியாக இல்லையா என்று பாருங்கள். தனியார் கிளினிக்கில் சளிக்காய்ச்சல் ஊசி போன்றவை போட்டுக்கொண்டால், மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளைப் புத்தகத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மருந்தைவிடத் தடுப்பூசியில் பேட்ச் எண்ணுக்கு மதிப்பு அதிகம். ஒரே பேட்ச்சில் ஒரே மாதிரி பாதிப்பு வேறு இடங்களிலும் வந்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் ஒரே வழி.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும், இடைநிலைப் பள்ளியிலும் சுகாதாரக் குழு வந்து ஊசி போடும். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் வகுப்பாசிரியரிடமும், குழு வந்த கிளினிக் கெசிஹாத்தானிலும் அன்றே சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மயக்கம் வந்தால் அது பயத்தினாலும் இருக்கலாம், வேறு காரணத்தாலும் இருக்கலாம். எது என்று பார்ப்பது அவர்கள் வேலை. சொல்வது நம் வேலை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டால் அது கிளினிக்கைப் போய்ச் சேராது, மற்ற பெற்றோரைப் பயமுறுத்த மட்டுமே உதவும்.

பக்க விளைவைப் பதிவு செய்வதால் நீங்கள் தடுப்பூசிக்கு எதிரானவர் ஆகிவிட மாட்டீர்கள். அடுத்த ஊசியைப் போடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீங்களாகவே தவிர்த்தால், தட்டம்மையும் கக்குவானும் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

8. இரவுச் சந்தை மாத்திரையும் நாட்டு மருந்தும்

இதைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டப்புறத்தில் சேதம் அதிகம் நடப்பது இங்கேதான். முதுகு வலி, மூட்டு வலிக்கு இரவுச் சந்தையில் அல்லது வீடு தேடி வந்து விற்கும் கேப்சூல், பொடி, ஜாமு. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறும். "மூலிகைதான், ஒன்றும் செய்யாது" என்பார்கள். அப்படி அதிசயமாக வேலை செய்யும் சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது மலேசியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சில மாதங்களில் முகம் உருண்டையாகும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும், தோல் மெல்லியதாகி லேசாகப் பட்டாலே கன்றிப்போகும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும்.

இதில் இரட்டை ஆபத்து உண்டு. விஷயம் தெரிந்ததும் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே வந்துவிடலாம். எனவே டப்பாவோடு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மாதம், நாளைக்கு எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்ற வெட்கத்தில் பெரியவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். கூடப் போகும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பாதிப்பையும் அதே படிவத்தில் பதிவு செய்யலாம். எம்.ஏ.எல். எண் இல்லாத சரக்கு, தமிழ்நாட்டிலிருந்து பெட்டியில் வந்த மாத்திரை, சித்த மருந்து எதுவாக இருந்தாலும் சரி. மீதியுள்ள மருந்தைக் கொட்டாமல் டப்பாவோடு வையுங்கள். பதிவான பொருள்களில் ஒட்டியிருக்கும் ஹோலோகிராம் லேபல் இதில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவில்லாத மருந்து விற்கிறார்கள் என்ற புகார் வேறு வழியில் போக வேண்டும்: சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவுக்கு, அமைச்சின் பொதுப் புகார் முறையான சிஸ்பா மூலம் அனுப்பலாம்.

9. எதை எதோடு குழப்பக் கூடாது

பக்க விளைவு அறிக்கை இழப்பீட்டு மனு கிடையாது. மருத்துவர் தவறான மருந்து கொடுத்தார், தாதி மரியாதைக் குறைவாகப் பேசினார் என்றால் அது சிஸ்பாவில் போடும் புகார். மாத்திரை உடைந்திருந்தது, நிறம் மாறியிருந்தது, சிரப்பில் ஏதோ மிதக்கிறது என்றால் அது பொருளின் தரத்தைப் பற்றிய புகார், அதற்கு என்.பி.ஆர்.ஏ.யிடம் தனி வழி இருக்கிறது. மூன்றையும் ஒரே படிவத்தில் கொட்டினால் எதுவும் ஒழுங்காக நகராது.

அறிக்கை அனுப்பியதும் உங்கள் நோய்க்கு யாரும் மருந்து சொல்லப் போவதில்லை. சிகிச்சைக்குத் தனியாக மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

10. செலவும் காலமும்

பதிவுக்குக் கட்டணம் இல்லை. அச்செடுக்கச் சில சென். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். மைகார்டையும் மருந்து வாங்கும் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். உண்மையான செலவு பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும்தான். அதனால் மருந்து எடுக்கப் போகும் மாதாந்தர நாளிலேயே இதையும் முடித்துவிடப் பாருங்கள். ஆபத்தில்லாத விளைவுகளுக்கு அது போதும்.

விவரங்கள் கையில் இருந்தால் படிவம் நிரப்ப அரை மணி நேரம் ஆகும். எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆனால் போன வருடம் நடந்தது என்பதற்காகத் தயங்க வேண்டாம், தேதியைக் குறிப்பிட்டு அனுப்பலாம்.

அனுப்பிய பிறகு கூடுதல் விவரம் கேட்டு அழைக்கலாம், எனவே எப்போதும் எடுக்கும் எண்ணைக் கொடுங்கள். அறிமுகமில்லாத எண் என்றால் மோசடி என்று துண்டிக்கும் காலம் இது. யார் அழைத்தாலும் வங்கி விவரம் மட்டும் சொல்லாதீர்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

அறிக்கையை மருந்தாளர்கள் படித்து, மருந்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு உறுதியா, சாத்தியமா, சந்தேகமா என்று வகைப்படுத்துவார்கள். மட்ராக் என்ற ஆலோசனைக் குழு அவற்றைப் பார்க்கிறது. தேசியத் தரவகத்திலிருந்து உலகச் சுகாதார நிறுவனத்தின் தரவகத்துக்கும் அவை போகின்றன. அது சுவீடனின் உப்சாலா நகரில் பராமரிக்கப்படுகிறது. ஒரே மாதிரி அறிக்கைகள் சேரும்போது மருந்துத் தாளில் எச்சரிக்கை சேர்ப்பார்கள், தேவைப்பட்டால் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவார்கள். உங்கள் ஓர் அறிக்கைக்கு நாளையே பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

11. அலர்ஜி அட்டையைக் கேட்டு வாங்குங்கள்

மருந்து அலர்ஜி என்று உறுதியானால் மருத்துவரோ மருந்தாளரோ காட் அலாஹான் என்ற சிறிய அட்டையை எழுதிக் கொடுப்பார்கள். அவர்களாகத் தராவிட்டால் கேளுங்கள். அட்டையில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வணிகப் பெயர் மட்டும் இருந்தால் வேறு நிறுவனத்தின் பெட்டியில் அதே மருந்து மறுபடி கைக்கு வந்துவிடும். என்ன பாதிப்பு வந்தது, எந்த ஆண்டு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டிக்லோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகளால் கண் இமை வீங்கியவர்கள் இதில் தனிக்கவனம் எடுக்க வேண்டும். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே இனத்தைச் சேர்ந்த மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்புண்டு, எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று பட்டியலாகவே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அட்டையை மைகார்டுக்குப் பின்னாலேயே வையுங்கள், ஒரு படத்தைப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் போட்டுவிடுங்கள். டவுன் கிளினிக், பல் மருத்துவர், தோட்டத்து டிரெசர் என்று எங்கே போனாலும், மருந்து எழுதுவதற்கு முன்பே அட்டையை மேசைமேல் வையுங்கள். அரசு மருத்துவமனைக் கணினியில் இருப்பது தனியார் கிளினிக்குக்குத் தெரியாது. எஞ்சிய மாத்திரைகளை அறிக்கை வேலை முழுவதும் முடிந்த பிறகு அரசு மருந்துக் கவுண்டரில் ஒப்படைத்துவிடலாம், திரும்பப் பெறுகிறார்கள். பேட்ச் எண் பின்னால் எங்காவது கிடைத்தாலோ, தடிப்பு முழுவதும் ஆறியதாக மருத்துவர் சொன்னாலோ, புதிய அறிக்கை போடாமல் பழைய அறிக்கையைக் குறிப்பிட்டு அந்த விவரத்தை மட்டும் சேர்த்து அனுப்புங்கள்.